சின்னக் கார், பெரிய சத்தம்

ஒழுங்காக ஓடுகிற காரைக் கழற்றி, ஓடாமல் செய்து, பிறகு முந்தியைவிடக் கொஞ்சம் கூடுதலான சத்தத்தோடு ஓட வைப்பதற்குப் பெயர்தான் ‘மொடிஃபை’.

வாரநாளில் நான் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறேன். சனிக்கிழமைகளில், சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில், எங்கள் வீட்டுக்குக் கீழே வாடகைக்கு எடுத்த கறாஜுக்குள், வேகமாக ஓடவென்று செய்த சின்னக் கார்களுக்கு அடியில் படுத்திருப்பேன். நீங்களும் அப்படி ஒரு காரை வாங்கி, ‘ஸ்பிரிங்கை மட்டும் மாத்துவம்’ என்று தொடங்கி, ஆறு மாதமாகப் பின்சீற்றை வீட்டு ஹோலுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் என்றால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். பின்சீற்றில்தான் இருக்கவேண்டும், வேறு கதிரை இல்லை.

அக்காவின் சைலன்சர்

ஓஸ்டர்முண்டிகனில் இருந்து ஒரு அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மகன் லவுசானுக்குப் படிக்கப் போனபோது தன் சிவப்புக் காரை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். காரில் முக்கால்வாசியும் சைலன்சர்தான். “தம்பி, காலமை நான் வேலைக்கு வெளிக்கிட்டால் அயலட்டை முழுக்க எழும்புது. இந்தச் சத்தத்தை ஒருக்கால் நிப்பாட்டித் தாங்கோ” என்றார். கொம்பனிச் சைலன்சர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டினேன். கார் பூனைமாதிரிப் போனது. நல்ல காரியம் ஒன்று செய்தேன் என்று இரண்டு கிழமை சந்தோசமாக இருந்தேன்.

மூன்றாம் கிழமை அக்கா திரும்பி வந்தார். முகம் சரியில்லை. பிழையாக ஏதும் பூட்டிவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். “பூட்டினது எல்லாம் சரி தம்பி. ஆனால் முந்தியெண்டால் அந்தச் சத்தத்துக்கு ஓட்டோபான் பெருந்தெருவில எல்லாரும் தாங்களா விலத்துவினம், இப்ப ஒருத்தரும் மதிக்கினமில்லை. பழையதை நீங்கள் எறிஞ்சிருக்க மாட்டியள்தானே?”

விழுந்து கும்பிட்ட கார்

ஒருவர் புதுக்கார் வாங்கி, பூசைக்குக் கொண்டுபோக முதலே அதைத் தாழ்த்தி நிலத்தோடு பதிக்கச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன். “எவ்வளவு ஏலுமோ அவ்வளவு.” பதித்தேன். சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகாது. இந்தக் காரோடு எங்கேயும் ஏறேலாது என்று சொன்னேன். சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு நேரே திரிம்பாக் கோயிலுக்குப் போனார்.

கோயில் வாசலில் ஒரு சின்ன ஏற்றம். பாதி ஏறின இடத்தில் கார் வயிறு தட்டி நின்றுவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. பூசைக்கு வந்த ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார்கள். முன் பம்பர் தனியாகக் கழன்று வந்தது. எலுமிச்சம்பழத்தோடு காத்துக்கொண்டு நின்ற ஐயர் ஆறுதலாகச் சொன்னாராம்: “தம்பி, இஞ்ச மனிசர்தான் விழுந்து கும்பிடுறவை, காரைக் கொண்டு கும்பிடுவிக்கத் தேவையில்லை.”

கெலருக்கு வணக்கம்

வாகனப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தால் எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் வரும், மொடிஃபை செய்த கார் அங்கே தேறாது. சேகர் என்று என்னோடு வேலை செய்கிற பெடியன், தன் காருக்குக் கடிதம் வந்த அன்றே என்னிடம் கொண்டுவந்து விட்டான். பூட்டின அழகெல்லாவற்றையும் கழற்றி, கெலர் என்கிற நிலவறைக்குள் கிடந்த கொம்பனிச் சாமான்களைத் துடைத்துப் பூட்டினேன். இரண்டு சனிக்கிழமை போனது. அன்று அவனுக்குப் பகல் வேலை, எனக்கு லீவு என்பதால் காரையும் நானே கொண்டுபோனேன்.

பரிசோதித்தது ஒரு இளம்பெண். காரை உயர்த்தி, டோர்ச் அடித்து, அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தாள். பதினெட்டு வருசம் ஓடி, அடியெல்லாம் கறள் பிடித்த காரில், நாலு ஸ்பிரிங் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் கடதாசியில் முத்திரை குத்தி நீட்டிவிட்டு, சுவிஸ் ஜெர்மனில், சிரிக்காமலே சொன்னாள்: “எல்லாம் சரி, உங்கட கெலருக்குள்ள இருக்கிற மற்ற ஸ்பிரிங்குகளுக்கும் என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.”

நல்ல சத்தம்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம். சொல்லாமல் விடுவது அதைவிட வெட்கம்.

யோகன் பஸ் ஓட்டுகிறவர். ஒரு சனிக்கிழமை அவருடைய காருக்குப் புதுச் சைலன்சர் பூட்டி, மாரிக்கால ரயரும் மாற்றிக் கொடுத்தேன். நான் சில்லுகளை இறுக்க, அவர் எஞ்சினை உறுமவிட்டு, போனில் சத்தத்தைப் பதிந்து, எனக்கே திருப்பிப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் எழும்பிப் போய்க் கேட்டேன். நல்ல சத்தம் என்று சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் சோற்றில் கைவைத்தபோதுதான் நினைவு வந்தது. சில்லின் போல்ட்டை அளவாக இறுக்கினால் என் ஸ்பானர் ‘டக்’ என்று சொல்லும். மூன்று சில்லுக்கு அந்த ‘டக்’ கேட்டது ஞாபகம். நாலாவதுக்கு ஞாபகமில்லை. யோகனுக்குப் போன் எடுத்தேன், தூக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். கார் ஓடும்போது போன் தூக்காத நல்ல மனிசன். என் மனிசி அவருடைய மனிசி சுபாவுக்கு எடுத்தாள். இரண்டு பிள்ளைகளோடு பேர்னுக்குப் பிறந்தநாளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்களாம், ஓட்டோபானில். “மெல்ல, மெல்ல அடுத்த தரிப்பிடத்தில நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றேன்.

மனிசியின் காரை எடுத்துக்கொண்டு போனேன். இடது பின்சில்லில் ஒரு போல்ட் இல்லை. மிச்சம் நாலும் விரலாலேயே சுழன்றன. கண்ணாடிக்குள்ளால் இரண்டு பிள்ளைகளும் சிப்ஸ் தின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் இருந்து, இல்லாத போல்ட்டையும் போட்டு, ஐந்திலும் ‘டக்’ கேட்கும்வரை இறுக்கினேன். மற்ற மூன்று சில்லையும் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். யோகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏன் ஏசவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. சுபாதான் விளக்கினார்: “அண்ணை, பின்னுக்கு ஏதோ கடகடக்குது எண்டு நான் ஒல்ட்டனில இருந்து சொல்லிக்கொண்டு வாறன், இவர் ‘பேசாமல் கேளும், அதுதான் அண்ணை பூட்டின புதுச் சைலன்சரின்ர சத்தம்’ எண்டார்.”

ஊர்க் கார் எல்லாவற்றையும் இப்படித் திருத்துகிற நான் வேலைக்குப் போய்வருவது எஸ்-பான் ரயிலில்தான், ஏனென்றால் என் சொந்தக் கார் நாலு சில்லோடு நின்ற திங்கட்கிழமை ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.