ராஜபாயின் கேஸ் டேங்க்

விழிஞ்ஞம் துறைமுகச் சாலையில் மதியச் சோறு போடும் ராஜபாய்க்குக் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழக்கமில்லை. பாறசாலைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவனைக் கடல் கொண்டுபோனபிறகு வாடகை வீட்டின் முன்னறையையே சாப்பாட்டுக் கடையாக்கினாள். துறைமுகத்தில் கட்டட வேலை செய்பவர்களும் மீன் ஏற்றுகிறவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

கடை நன்றாக ஓடியது. கூடவே மீன் குடலும் காய்த்தோலும் எச்சில் சோறும் குவிந்தன. மற்றவர்கள் பையில் கட்டிச் சாலையோரம் வீசுவதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பஸ்ரீ பெண்கள் சுயஉதவிக்குழுக் கூட்டத்தில் சாணவாயு டேங்க் பற்றிக் கேட்டவள், கொல்லையில் ஒன்றை வைத்துவிட்டாள். மேட்டில் மாடு வளர்க்கும் லிபி தந்த சாணத்தைக் கரைத்து ஊற்றி, தினமும் கடைக் கழிவைப் போட்டாள். சில வாரங்களில் உள்ளே புளித்து வாயு கட்டி, டேங்கின் மூடி மெல்ல எழும்பியது. அடுப்பில் நீலமாகத் தீ பிடித்தபோது ராஜபாய் கைகொட்டிச் சிரித்தாள்.

அதற்குள், டேங்க் வெடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நாறுகிறது என்றார்கள் வேறு சிலர். வீட்டின் சொந்தக்காரர் வேலாயுதன் வாசலில் வந்து நின்றார்.

"ராஜபாயே, டேங்க் வேணும்னா வீடு இல்ல."

"பக்கத்துல போய் மோந்து பாத்தீங்களா சேட்டா?"

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். நாலு பேரு பறயுதாங்க."

"அந்த நாலு பேரும் குப்பைய எங்க கொட்டுதாங்கன்னு நான் பறயட்டா?"

அவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அப்போ வீடு வேண்டாம்" என்றாள் ராஜபாய்.

சொன்ன பிறகுதான் எங்கே போவது என்று யோசித்தாள். நேரே லிபியிடம் போனாள்.

"உனக்க தொழுவத்துப் பக்கத்துல ஒரு ஷெட்டு போட இடம் தருவியா?"

"டேங்க்ல வடியுத கரைசல் எனக்க வாழைக்கு உரமா வேணும் சேச்சி. தருவீங்கன்னா இப்பவே வாங்க."

டேங்கைக் காலியாக்கி கடையில் வழக்கமாகச் சாப்பிடும் ஷிஜுவின் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். பழைய கரைசலில் இரண்டு குடம் மட்டும் எடுத்துக்கொண்டாள். அதை ஊற்றினால் புது இடத்தில் சீக்கிரம் வாயு பிடிக்கும்.

"சேச்சி, எனக்க வண்டி நாறிப்போகும்!"

"கழுவித் தாரேன். ஓட்டு."

பட்டப்பகலில், குடங்களை இரு கையாலும் அணைத்தபடி வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள். மூக்கைப் பொத்தியவர்களை நேருக்கு நேர் பார்த்தாள். ஒருத்தர்கூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மேட்டில் கடைக்கு ஆள் பாதியாகக் குறைந்தது. மீன் ஏற்றுகிறவர்களுக்கு அவ்வளவு தூரம் ஏறிவரப் பொழுதில்லை. ஆகவே வாழையிலையில் பொதிச்சோறு கட்டி அவளே கீழே கொண்டுபோகிறாள். திரும்பும்போது மீன் வெட்டும் பெண்கள் ஒதுக்கிய குடலை வாளியில் வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக் கூட்டத்துக்கு நடுவிலேயே நடக்கிறாள். யாராவது முகம் சுளித்தால் வாளியை இறக்கிவைத்து நிற்பாள்.

"கொஞ்சம் வழி விடுங்க. எனக்க அடுப்பு பசிச்சுக் கிடக்கு."