அண்ணனுக்காக எடுத்த மடிப்பிச்சை

போன மாதம் கலசப்பாக்கம் பேருந்து நிலையத்தில் பேத்தியோடு நின்றிருந்தேன். காலேஜ் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தார்கள். பணம் போட்டவர்களின் சேலையிலும் சட்டையிலும் சின்ன நீல ரிப்பன் ஒன்றைக் குத்திவிட்டார்கள். எதற்கம்மா என்று கேட்டேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக என்றாள் ஒருத்தி. அந்தச் சொல் எனக்குப் புதிது. பொறுமையாக விளக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் உண்டாம், முகம் பார்க்க மாட்டார்களாம், சிலருக்குப் பேச்சே வராதாம், சத்தம் தாங்காதாம். அது பேயும் இல்லை, ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை, ஊர் புரிந்துகொண்டால் போதும் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் அண்ணனை இந்தப் பெண் எங்கே பார்த்தாள் என்று இருந்தது எனக்கு.

எங்கள் ஊர் ஜவ்வாது மலை மேலே. சாமையும் கேழ்வரகும்தான் வெள்ளாமை. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயதிருக்கும். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் ஒரு சொல்லும் பேசியதில்லை. நாள் முழுக்க வண்டு மாதிரி ஒரு ராகம் பாடிக்கொண்டிருப்பான். கையில் நூலோ நாரோ கிடைத்தால் கண்ணுக்கு நேரே பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பான். அதோடு நிறுத்தியிருந்தால் ஊருக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆட்டுப் பட்டியின் படலைத் திறந்துவிடுவதில் அவனுக்கு ஒரு ஆசை. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருவதைப் பார்த்தால் கை தட்டிச் சிரிப்பான். எந்தப் பட்டி, யார் ஆடு என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

அப்படித் திறந்துவிட்ட ஆடுகள் ஒருநாள் மேல் வீட்டு மாமாவின் இளஞ்சாமைப் பயிரில் இறங்கி, பாதி நிலத்தை மொட்டை அடித்துவிட்டன. மாமா அண்ணனை ஓங்கி ஒரு அறை அறைந்தார். அன்று சாயங்காலமே ஊர் கூடியது. மாமா கையில் ஒரு கயிறு இருந்தது.

"அறுப்பு முடியற வரைக்கும் பையன கட்டிப் போடுங்க. இல்லன்னா கீழ எங்கனா கோயில்ல வுட்டுட்டு வாங்க. பேய் புடிச்சவங்கள வச்சிக்கற எடம் இருக்குதாமே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் எழுந்தாள்.

"படவேட்டு ஆத்தாளுக்கு இவன் பேர்ல வேண்டுதல் வச்சிகிறேன்ணா. மடிப்பிச்சை எடுக்கணும். அதுக்கு அப்பறம் இன்னா வேணா சொல்லுங்க."

வேண்டுதல் என்று சொன்ன பிறகு ஊரில் எவருக்கும் மறுவார்த்தை கிடையாது. கயிற்றை மாமா தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊரில் மடிப்பிச்சைக்கு ஒரு முறை உண்டு. பெண் முந்தானையை ஏந்தி எல்லா வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். பகையாளி வீடானாலும் விடக்கூடாது. யாருக்காக வேண்டுதலோ அவரும் கூட வரவேண்டும். வீட்டில் ஒருவர் தன் கையாலேயே தானியம் போடவேண்டும்; பகை இருந்தால் அந்தப் பகையாளியே போடவேண்டும். போட்ட வீட்டின் நிலைக்காலில் மஞ்சள் நனைத்த துணி நாடா ஒன்றைக் கட்டுவோம். வேண்டுதல் நிறைவேறும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. அது தொங்கும்வரை அந்தப் பிள்ளை அம்மன் வீட்டுப் பிள்ளை. அவன்மேல் கை ஓங்கக் கூடாது, வாசலுக்கு வந்தால் வெறுங்கையாய் அனுப்பக் கூடாது.

அம்மா தன் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து மஞ்சளில் முக்கினாள். நாடாக்களைக் கூடையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். கட்டுகிற வேலை எனக்கு. எனக்கு ஒரே பெருமை. அண்ணனுக்கு அதைவிடச் சந்தோஷம். நான் கட்டி முடித்ததும் நாடாவின் நுனியைப் பிடித்துக் கண்ணுக்கு நேரே ஆட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான்.

ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள். அண்ணன் பார்வை பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அந்த மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே பேசினாள்.

"தே, நீ மட்டும் வாம்மா. பையன அப்பால நிறுத்து."

"அவனும் வரணும்க்கா, அதான் முறை. அவனுக்கு இருக்கறது ஒட்டிக்கிற நோவு இல்ல. நான் பதினொரு வருசமா கட்டிகினு தூங்குறேன், எனக்கு ஒட்டிக்கிச்சா?"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது அந்த மருமகள்தான். கதவு திறந்தது. அவளே ஒரு முறம் கேழ்வரகு கொண்டுவந்து போட்டாள்.

கடைசியாக மேல் வீட்டு மாமா வாசலுக்குப் போனோம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை முறத்தில் சாமையோடு வந்தாள், அவர் எழுந்திருக்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. அம்மா ஏந்திய முந்தானையை இறக்கவில்லை. அண்ணன் முற்றத்தில் கிடந்த மாவு அரைக்கும் திருகைக்கல்லைப் பார்த்துவிட்டான். சும்மா கிடந்த கல்லை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

"அரைக்க ஒண்ணும் இல்லாம அரைக்கிறான் பாரு" என்று அத்தை ஒரு பிடி சாமையை அதன் குழியில் போட்டாள். மாவு வரவர அவன் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமா எழுந்து வந்து, முறத்தை வாங்கி அம்மாவின் முந்தானையில் கவிழ்த்தார்.

"இவனுக்குப் பேச்சு வரணும்னுதானே வேண்டிகினு இருக்க? வரட்டும், வரட்டும்."

அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, கட்டு என்று கண்ணைக் காட்டினாள்.

ஆடி வெள்ளிக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் காட்டு வழியாக இறங்கிப் படவேடு போனோம். ஊர் போட்ட தானியத்தில் கூழ் காய்ச்சி ஊற்றினோம். பம்பைச் சத்தம் தாங்காமல் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு அம்மா மடியில் முகம் புதைத்தான். நானோ அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அம்மா என்பான், இதோ தங்கச்சி என்பான். கற்பூரம் அணைந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தாள்மேல் எனக்கு வந்த கோபத்தில் குங்குமம்கூட வைத்துக்கொள்ளாமல் மலை ஏறினேன். தாயே, சின்னப் பிள்ளை என்று பொறுத்துக்கொண்டாயே.

ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பேசினானா? இல்லை. அப்படியென்றால் நாடாவை அவிழ்ப்பதா கூடாதா? ஊர்ப் பெரியவர் தாடையைத் தடவி, "வேண்டுதல் இன்னும் பலிக்கல. அவுத்தா குத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா வாயைத் திறக்கவே இல்லை.

ஆக, எல்லா வீட்டிலும் நாடா அப்படியே தொங்கியது. அண்ணனும் எல்லா வீட்டுக்கும் போய்வந்தான். நாடா ஆட்டுவதற்குத்தான் போனான். ஆனால் வாசலுக்கு வந்தவனுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டுமே. கொடுக்கக் கொடுக்க ஊர் அவனைக் கற்றுக்கொண்டது. கையில் நீட்டினால் வாங்க மாட்டான், கல்மேல் வைத்துவிட்டு நகர்ந்தால் எடுத்துத் தின்பான் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். பேரைச் சொல்லாதே, சொம்பை ரெண்டு தட்டு தட்டு, வருவான் என்று இன்னொருத்தி சொல்லிக்கொடுத்தாள். மேல் வீட்டு மாமா படலைக் கட்டும் கயிற்றை அவனுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினார். பிறகு காலையில் ஆடு ஓட்டுகிற நேரத்துக்கு அவரே கயிற்றை அவிழ்த்துவிட்டு, படலைத் திறக்க அவன் வரும்வரை நின்றார். ஆடுகள் வரிசையாக வெளியேறும். இவன் கை தட்டுவான். மாமா, "போதுமா ஐயா, மேய்ச்சலுக்குப் போவலாமா?" என்பார்.

ஐப்பசியில் ஒருநாள் அடைமழை. அம்மாவும் நானும் அறுத்த சாமைக் கதிரை நனையாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம். அண்ணன் இல்லாததை நாங்கள் கவனிக்கவில்லை. திடீரென்று வாசலில் மாமாவின் சத்தம். அவருடைய கம்பளிக்குள் அண்ணன் இருந்தான். மாமா சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"இன்னாம்மா தாயி நீ? புள்ளைய இந்த மழைல வுட்டுட்டு வூட்டுக்குள்ள இன்னா பண்ற? ஓடைல தண்ணி இடுப்பு வரைக்கும் ஓடுது, இவன் கரைல நின்னு பாட்டு பாடினு கீறான். எதுனா ஒண்ணு ஆச்சுன்னா? பாக்க முடியலன்னா சொல்லு, நம்ம வூட்ல இருந்துட்டு போறான். புள்ள வளக்கற லட்சணமா இது?"

இன்னும் என்னென்னவோ திட்டினார். எனக்கு மாமாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் போனதும் அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அழத்தான் செய்தாள். ஆனால் வாசலுக்குப் போய், படவேடு இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து, கொட்டுகிற மழையிலேயே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"அண்ணன் இன்னும் பேசவே இல்லையே, எதுக்கும்மா கும்புடுற?" என்று கேட்டேன்.

"கேட்டத குடுத்துட்டாடி" என்றாள்.

அவ்வளவு திட்டு வாங்கியதில் அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்தேன்.