அக்காவுக்கு நான் கொடுத்த மெமோ

செங்கம் ரோட்டில் பதினோரு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறேன். வேலைக்கு இருப்பவர்கள் நான்கே பேர். இந்த நான்கு பேரை நிர்வகிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, வேங்கிக்கால் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த முதலாளிகளுக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் காலையிலிருந்து மாலைவரை பேசினார். ஊழியர் தன்னைத்தானே மதிப்பிட வேண்டும், அப்போதுதான் உண்மை வெளியே வரும் என்றார். மத்தியானம் போட்ட பிரியாணி நன்றாக இருந்ததால் அதையும் நம்பினேன்.

மறுநாளே படிவம் அடித்துவிட்டேன். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் நாற்பதுக்குக் கீழே போனால் மெமோ. நான் அதைக் கறாராக அறிவித்த விதத்தில் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

வாட்ச்மேன், விழிப்புடன் இருத்தலுக்கு முழு மார்க் போட்டுவிட்டுப் படிவத்தின் மேலேயே தலைவைத்துத் தூங்கினார். சமையல்காரர் சுவைக்குப் பன்னிரண்டு போட்டிருந்தார். அவ்வளவு போட முடியாதே என்றதற்கு, "என் சாம்பாருக்கு இதுவே கம்மி சார்" என்றார். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எல்லாவற்றுக்கும் ஒன்பது. அடக்கமாம்.

அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா மட்டும் பத்துக் கேள்விக்கும் மூன்று மூன்றாகப் போட்டிருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். ஆறு வருஷத்தில் அறையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வருஷா வருஷம் வந்து தங்கும் ஜெர்மன்கார அம்மாவுக்கு எந்தத் தலையணை ஒத்துக்கொள்ளும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் முப்பது என்று இருக்கிறதே! மெமோ அடித்து நீட்டினேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அவர் படித்துப் பார்த்தார். மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பதினோரு அறைகளையும் முடித்துவிட்டு, சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கு எல்லா அறையும் புக் ஆகியிருந்தது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நானே இறங்கினேன். மூன்றாவது அறையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். அந்த மரியாதை எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"மெமோவ மறந்துடுங்கக்கா. நாளைக்கே வந்துடுங்க" என்று கெஞ்சினேன்.

"இல்ல சார். எதிர் லாட்ஜ்ல வரேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு மாத்தினா நல்லா இருக்காது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்குத்தானே அது சீக்கிரம் வரும். "நானா கம்மியா போட்டேன்? நீங்கதானேக்கா எல்லாத்துக்கும் மூணு மூணுன்னு போட்டீங்க!"

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா சார். என்னை நானே ஒசத்தி எழுதிக்கினா நல்லாவா இருக்கும்? அதான் மூணோட நிறுத்திட்டேன். மீதிய நீங்க போடுவீங்கன்னு வுட்டு வெச்சேன்."