கொள்ளைக்காரனுக்கு மொட்டை

புதிய பொருளாதாரக் கொள்கையால் தேசத்துக்கு விளைந்த நன்மைகளை எழுதும் அறிஞர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் என்ற ஊரில் கல் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொழித்த கிரானைட் முதலாளி ஒருவர் தெலுங்குப் படம் எடுக்கக் கிளம்பியதும், அதில் பிச்சாட்டூர் நாராயணசாமிக்குக் கொள்ளைக்காரன் வேடம் கிடைத்ததும் அந்தக் கொள்கையின் பலன்தான்.

அதுவரை கடலைக்கொல்லையில் கூலி வேலையும், பக்கத்தில் படப்பிடிப்பு நடந்தால் கூட்டத்தில் நிற்கிற வேலையும் பார்த்தவர் அவர். எந்த வேடமானாலும் வாழ்ந்து பார்த்துவிடுவார். பிணமாக நடிக்க அழைத்தபோது முந்தின நாளே பேச்சை நிறுத்தினார். சாப்பிட இலை போட்டும் எழவில்லை. பிச்சைக்காரனாகத் திருமலை அடிவாரத்து அலிபிரியில் உட்கார்ந்து பழகியபோது சொந்த மைத்துனனே சில்லறை போட்டுவிட்டுப் போனான். திருப்பித் தந்தால் பாத்திரம் கெட்டுவிடும் என்று வைத்துக்கொண்டார்.

கொள்ளைக்காரனுக்காக முடியும் தாடியும் ஒரு வருஷம் வளர்ந்தன. எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. பஸ்ஸில் பக்கத்து இடம் எப்போதும் காலி. நாகலாபுரத்து மலையடிவாரத்தில் பாதிப் படம் எடுத்தாயிற்று. ஒரு மயிர் குறைந்தாலும் வேடம் வேறு ஆளுக்கு என்று இயக்குநர் நாகேந்திரன் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மகன் திலீப்புக்குக் குவைத் விசா வந்தது. வீடே குதித்தது. மனைவி பொன்னியம்மாள் மட்டும் குதிக்காமல், விசா வந்தால் புருஷனுக்குத் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். பையன் விமானம் ஏறுவதற்குள் செலுத்தியாக வேண்டுமாம்.

"நேந்துக்கினது நீ. முடி என்னுது" என்றார் நாராயணசாமி.

"புள்ள யாருதாம்?"

இப்படிப்பட்ட வசனத்துக்கு எதிர்வசனம் எழுத இந்திய சினிமாவில் ஆளில்லை. பெண்கள் கொடுப்பதுபோல மூன்று கத்தரிப்போடு முடித்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசிப் பார்த்தார். அவள் திருமலைக்குக் கிளம்பத் துணிப்பையை எடுத்தாள்.

திருமலையில் தலையிலும் தாடியிலும் கத்தி ஓடியபோது அவர் கொள்ளைக்காரனாகவே அழுதார். குளித்துவிட்டு வெளியே வந்து மனைவி எதிரில் நின்றார். பொன்னியம்மாள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போன நெல்லூர்க்கார மொட்டை ஒருவர் கையைப் பிடித்து, "எம்மா நேரம்யா, வா" என்று இழுத்தாள். அந்த மனிதர் கோவிந்தா என்று அலறினார்.

நாராயணசாமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டின பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாத வேடம்! மயிர்க்கூச்செறிந்தது, மயிர்தான் இல்லை.

மறுநாள் படப்பிடிப்பில் கூட்டத்தோடு நின்றார். நாராயணசாமியைப் பார்த்தாயா என்று மேனேஜர் அவரிடமே விசாரித்தார். குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். இயக்குநர் கொதித்து, வேறு ஆளைக் கூட்டிவரக் கார் அனுப்பச் சொன்னார். அப்போது நாராயணசாமி போலீஸ் வேடக்காரர்கள் நடுவே நிதானமாக நடந்துபோய் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எவுருரா நுவ்வு?" என்று, யாரடா நீ என்பதைத் தெலுங்கில் கேட்டுப் பாய்ந்தார் நாகேந்திரன்.

"நீங்க தேடிக்கினு கீற கொள்ளைக்காரன் சார். மலைமேல மொட்டைங்களோட மொட்டையா நின்னா எந்தப் போலீஸ் என்னைப் புடிக்கும்?"

நாகேந்திரன் அந்தத் தலையை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். பிறகு காரைத் திருப்பச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கதையின் முடிவு மாறியது. சுற்றுவட்டாரத்தில் மொட்டை போட்டவர்களெல்லாம் திரட்டப்பட்டார்கள். கேமராக்காரர் மட்டும் புலம்பினார்: கதாபாத்திரம் எங்கே என்று தெரியவில்லை, கொஞ்சம் தனியாக நிற்கச் சொல்லுங்கள். நாராயணசாமி மறுத்துவிட்டார். தலைமறைவானவன் தனியாக நிற்பானா?

படம் புத்தூருக்கு வந்தபோது அந்தக் காட்சிக்குத்தான் விசில். போலீசோடு சேர்ந்து தியேட்டரே கொள்ளைக்காரனைத் தேடியது. பொன்னியம்மாள் இருக்கை நுனிக்கு வந்து, இதா, அதா என்று விரல் நீட்டி நீட்டித் தோற்றாள். திரையில் தன்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாத நடிகர், அவள் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எந்த மொட்டை என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.