வெர்னா அக்காவின் வேனில் எல்லோருக்கும் வயிற்றுவலி

சாலையோரம் ஒரு பெண் கைகாட்டி நின்றால் போதும், வெர்னா அக்காவின் கால் பிரேக்கை மிதித்துவிடும். பின்னால் இருக்கும் நாங்கள் முன்சீட்டில் முட்டிக்கொள்வோம்.

"ஏறுடி! உங்கம்மா யாருன்னு எனக்குத் தெரியும். எவனாவது கேட்டா வயித்துவலின்னு சொல்லு."

வடக்கு மனிடோபாவில் எங்கள் க்ரீ பழங்குடி ஊரிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வேன் அது. நோயாளிகளைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வயிற்றுவலி தீர்ந்ததே இல்லை.

சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி ஊர் வம்பையெல்லாம் பேசிக்கொண்டு அக்கா ஓட்டுவாள். அண்டங்காக்கைகள் எங்காவது கூடியிருந்தால் பேச்சு நின்றுவிடும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு தனியாகப் புதருக்குள் இறங்குவாள். நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. "செத்த மூஸ் மான்தான்" என்று அவள் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும்.

அவளுடைய கடைசித் தங்கை ரோவீனா பல்வலி என்று இதே வேனில் நகரத்துக்குப் போனாள். திரும்பும்போது வேன் காத்திருக்கவில்லை. பெட்ரோல் பங்க் பக்கத்தில் கைகாட்டி நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு, அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. அப்புறம்தான் அக்கா இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். போலீசில் ஆள் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து கேட்பார்கள்: குடிப்பாளா, காதலன் உண்டா? "பல்வலின்னு போனவய்யா அவ" என்று இவளும் முதலிலிருந்து சொல்வாள்.

இலையுதிர்காலத்தில் செத்தவர்களுக்குச் சோறு போடுவது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு தட்டு. பெயரைச் சொல்லித் தீயில் இட்டால் அவர்கள் பசியாறுவார்கள். ரோவீனாவுக்கு மட்டும் இதுவரை தட்டு கிடையாது. இந்த வருஷம் அக்காவின் தம்பி ஐசாயா ஒன்றை எடுத்து வந்துவிட்டான். மூஸ் கறி, பானக் ரொட்டி, ரோவீனாவுக்குப் பிடித்த புளுபெரி.

அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். "உசிரோட இருக்கறவளுக்கு எதுக்குடா தீ? நீயே அவள அந்த ஒலகத்துக்கு அனுப்பி வைக்கப் பாக்கறியா?"

"அங்க போயிருந்தா? இத்தன வருஷமா பட்டினியா கெடப்பாளேக்கா!"

இருவர் சொன்னதும் சரி.

அக்கா தட்டை வெள்ளித்தாளால் மூடினாள். வேனின் முன்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள், ஆனால் கிளப்பவில்லை. பிறகு இறங்கி வந்தாள். கையில் அந்தத் தட்டிலிருந்து எடுத்த ஒரு துண்டு ரொட்டி மட்டும் இருந்தது.

"யாருக்கு?" என்று கேட்டார் தீயைப் பார்த்துக்கொள்கிறவர்.

வெர்னா அக்கா எந்தப் பெயரையும் சொல்லாமல் ரொட்டியைத் தீயில் போட்டாள்.