அண்ணனின் ஐந்தாவது பாடம்

தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டு எழுதுவது என் பழக்கம். தேதி தெரியாத இடத்தில், கோயில் தேர் எப்போது ஓடியது, மழை எப்போது தொடங்கியது என்று விசாரித்தாவது மாதத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். நான் கொழும்புக் கல்லூரியில் சேர்ந்தது, மலேரியா ஓய்ந்தபின் வந்த இரண்டாவது ஜூலையில். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். முதல் படிப்புத் தவணையில் நான் நான்கு பாடம் எடுப்பதா, ஐந்து எடுப்பதா?

பரீட்சைக்கு நான்கு போதும். ஆங்கிலம், லத்தீன், சரித்திரம், தமிழ் என்று நான் மனதில் வைத்திருந்தேன். லத்தீனில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், "நாலே ஒனக்கு நெறைய. ஒரு பாடம் தவறினாலும் எல்லாம் போச்சுன்னு வச்சுக்க" என்று சொல்லியிருந்தார். தவறினால் அப்பாவின் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். இரண்டாம் முறை அனுப்ப அப்பாவால் முடியாது. இதெல்லாம் தெரிந்தும் அப்பா, ஐந்தாவதாகக் கணிதமும் எடுக்க வேண்டும் என்றார். கணிதத்தில் நான் எப்போதும் சுமார்தான். அது அண்ணனின் பாடம்.

அண்ணன் அதே கல்லூரிக்கு என்னைவிட இரண்டு வருஷம் முன்னால் போனான். அப்போதும் நான்கா, ஐந்தா என்ற கேள்வி வந்தது. எங்களுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. நாவுலைப் பக்கத்திலிருந்து எள்ளும் காய்ந்த மிளகாயும் மாட்டுவண்டியில் வரும். "காலேஜு சம்பளம் நாலுக்கும் அஞ்சுக்கும் ஒண்ணுதானே. வண்டிக்கு வாடகை குடுத்தாச்சு, ஏத்துறத ஏத்திக்கிட்டு வர வேண்டியதுதானே" என்றார் அப்பா. அண்ணன் சிரித்துவிட்டு ஐந்து எடுத்தான். முதல் தவணை முடிந்து மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே அப்பா அவனை எள்ளு மூட்டைகளைப் பார்த்துவர நாவுலைக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்தப் பக்கம் எப்போதுதான் காய்ச்சல் இல்லை என்று நினைத்தோம். அண்ணன் நடுங்கிக்கொண்டு திரும்பினான். கொயினா மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. தைப்பொங்கல் அன்று எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் போய்விட்டான் என்று முழுதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. கடைக்கு மேலே இருந்த அறையில் அவன் மேசையும் நாற்காலியும் அப்படியே கிடந்தன. மத்தியானம் கடையில் ஆள் நடமாட்டம் குறைந்த வேளைகளில் மேலே பலகை கிறீச்சிடும். அடுப்படியில் நிற்கும் அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன். பலகை வெயிலுக்கு விரியும், எல்லா மாடியிலும் சத்தம் கேட்கும். இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கல்லூரிக்கென்று அவனுடைய கறுப்புக் கோட்டை எனக்குச் சரிசெய்ய எடுத்துக்கொண்டு போனபோது, தையற்காரர் கையை அளந்துவிட்டு, "இதுல வெட்டவோ மடிக்கவோ ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றிவிட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நேர்த்தி வைத்துவிட்டு அதைச் செலுத்தாமல் இறந்துபோனால், அவருக்கு அடுத்தவர் செலுத்த வேண்டும். காவடி என்றால் காவடி, தீச்சட்டி என்றால் தீச்சட்டி. செலுத்தாவிட்டால் இறந்தவர் வாசலைவிட்டுப் போகமாட்டார் என்பார்கள். அண்ணன் அப்படி ஒரு நேர்த்தியும் வைக்கவில்லை. அப்பா அவன் படிப்பையே நேர்த்தியாக எடுத்துக்கொண்டார். பாதியில் நின்ற பாடத்தைத் தம்பி முடித்தால்தான் அவன் போவான் என்று அவர் மனதில் எப்படியோ விழுந்துவிட்டது.

பக்கத்துக் கடை நானா அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். சோனக முஸ்லிம். மத்தியானத் தேநீருக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார். ஒருநாள் அவர் கேட்டேவிட்டார்.

"என்ன முதலாளி, ஒங்கட சின்ன மகனுக்கு அஞ்சு பாடமாம். புள்ளைய காலேஜுக்கு அனுப்புறீங்களா, கூலி வேலைக்கு அனுப்புறீங்களா?"

"அவங்கண்ணன் அஞ்சு எடுத்தானே."

"அது அவன். கோட்டு சரியா இருக்குங்கிறத்துக்காக மண்டையும் சரியா இருக்குமா? இவன் என்கிட்ட மிச்சக்காசு எண்ணி வாங்கவே வெரல மடக்குறான்."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "அவன் பாக்கிய வேற யாரு முடிப்பா நானா?" என்றார். நானா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த சில நாட்கள் அவர் தேநீருக்கு வரவில்லை.

கடைசியில் அம்மாதான், "அம்மன்கிட்ட கேட்டுருவோம்" என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் நான்கு, சிவப்பு வந்தால் ஐந்து. அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆனி மாதம்; கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்ததால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பூசாரி இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா பிரித்தாள். சிவப்பு.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அந்தப் பூவைத் தலையில் வைக்கவில்லை. பொட்டலத்தை மறுபடி மடித்துப் பூசாரியிடமே நீட்டினாள்.

"வச்சுக்கங்க சாமி. இது எனக்கு வேணாம்."

"அம்மன் குடுத்த உத்தரவும்மா" என்றார் பூசாரி.

"குடுக்கட்டும். அவ கேக்குறப்ப எல்லாம் நான் குடுக்க முடியாது. ஒண்ணு குடுத்தாச்சு."

மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள். வீடு வரும்வரை அப்பாவும் அவளும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அவளுக்கு நான்கு, அவருக்கு ஐந்து. கொழும்புக்கு ரயில் ஏறுகிற நாளன்றும் அப்படித்தான் இருந்தது. அப்பா என்னோடு வந்தார். கண்டி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அஞ்சுன்னு சொல்லிரு" என்றார். நான் தலையாட்டினேன். அவரை எதிர்த்துப் பேசலாம். அவருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இன்னொருவனை என்னால் எதிர்க்க முடியவில்லை.

கல்லூரியில் புதிய மாணவர்களுக்குப் பாடம் தீர்மானித்துக் கொடுக்கிறவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். ஒவ்வொருவராக அழைத்தார். அப்பாவும் கூடவே வந்து, உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தோட்டத்துத் துரைமார் கடைக்கு வந்தால் விலை சொல்லத் தெரியும், அவ்வளவுதான். பேராசிரியர் என் பெயரையும் ஊரையும் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். மாத்தளையா, உன் தமையன் இங்கே படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். செய்தி அறிந்து வருந்தியதாகச் சொன்னார். பிறகு, நீயும் அவனைப்போல ஆரம்பத்தில் ஐந்து எடுத்துவிடாதே என்றார். அவன் விடுமுறைக்குப் போவதற்கு முன் இதே அறைக்கு வந்தான், தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கணிதத்தை விட்டுவிடுகிறேன் என்று கேட்டான், நானும் சம்மதித்தேன், அப்பாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனான் என்றார்.

"என்ன சொல்றாரு?" என்றார் அப்பா.

அண்ணன் கெட்டிக்காரன் என்று சொல்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பா அதை நம்பி, ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லியிருப்பார். நான் ஐந்து பாடத்தோடு அங்கே இருந்திருப்பேன்.

"அண்ணன் கணக்க விட்டுருச்சாம்ப்பா. லீவுக்கு வர முன்னாடியே விட்டுருச்சாம். ஒங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன்னுச்சாம்."

அப்பா பேராசிரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

"அன்னைக்குக் காலைல வந்து நின்னான். ‘அப்பா, ஒண்ணு சொல்லணும்’னான். வண்டி நிக்குது, போயிட்டு வா, வந்து பேசிக்கலாம்னேன்."

பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு என்னிடம், அப்படியானால் எத்தனை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா வலது கையை உயர்த்தி, கட்டைவிரலை மடக்கிக் காட்டினார்.

"ஃபோர், சார்" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். "அவன் சொல்றத நின்னு கேட்டிருந்தா வண்டி போயிருக்கும். வண்டிக்காரன் நிக்க மாட்டான்" என்றார். யாரிடமோ விலை பேசுவதுபோல அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த நான்கு பாடங்களிலும் நான் தேறினேன். இன்றைக்கு எங்கள் குடும்பத்தின் மற்ற நாட்களை எல்லாம் மாதம், கிழமையோடு என்னால் எழுத முடியும். அந்த ஒரு காலையை மட்டும் எழுத உட்காரும்போதெல்லாம் வண்டி கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. அண்ணன் வாய் திறக்கிறான். எனக்கு அவன் குரல் கேட்பதில்லை.