தெர்மாகோல் கலங்கரை விளக்கம்

சென்ற வாரம் எங்கள் தெருவில் யாரோ புது ஃபிரிட்ஜ் வாங்கி, அதோடு வந்த தெர்மாகோலைக் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அந்த நாற்றம் ஜன்னல் வழியாக வந்ததும் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டு எழுந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நடக்க நடக்கக் கடலூர்ச் செம்மண்டலத்து வீட்டு மொட்டைமாடி வந்துவிட்டது. புயலடித்த மார்கழிக்கு அடுத்த ஆவணி. பழுத்துச் சிவந்த கம்பி தெர்மாகோலுக்குள் இறங்குகிறது. என் தங்கை ஒரு கலங்கரை விளக்கத்துக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிதம்பரம், தெற்கு வீதிப் பக்கம் வீடு, மின்வாரியத்தில் வேலை. கம்பி, பழைய அயர்ன் பாக்ஸின் வயிற்றிலிருந்து எடுத்தது. காற்று தெற்கேயிருந்து திரும்பினால் சிப்காட் வாடை மாடிக்கு ஏறி எங்கள் வாடையோடு கலக்கும். அம்மா கீழேயிருந்து கேட்பாள், இது கம்பெனியா நீங்களா என்று. தங்கையே சிப்காட்டில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். இரண்டுமேதான் என்பாள்.

அவள் காமிக்ஸ் பைத்தியம். படித்து முடித்து, சம்பளம் வாங்கி, கல்யாண வயதும் தாண்டிக்கொண்டிருந்தும் விடவில்லை. எல்லாவற்றிலும் மேலாக அவளுக்கு ஒரு கிழவர். கடல் நடுவே பாறைமேல் கலங்கரை விளக்கத்தைக் காத்துக்கொண்டு, அலை ஒதுக்கும் சாமான்களை வைத்தே குற்றங்களைக் கண்டுபிடிக்கும் வெளிநாட்டுக் கிழவர். கூட ஒரு பூனை. அந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் கடைசிக் கட்டம் ஒன்றேதான். விடிகிறது, கிழவர் கை நீட்டி விளக்கை அணைக்கிறார். அவ்வளவுதான், வசனம் கிடையாது. ஆபத்து தீர்ந்தது, எல்லாக் கப்பலும் கரை சேர்ந்தது என்று அர்த்தம். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் தங்கை புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி, போர்வையைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டாள். "புஸ்தகம் படிப்பான்னு சொல்லு. என்னா புஸ்தகம்னு சொல்லாத" என்று எனக்கு உத்தரவு. நானும் அப்படியே சொன்னேன். அதற்கப்புறம் மாப்பிள்ளை தினமும் போன் பண்ணினார். சாப்டியா, வேலை ஜாஸ்தியா என்று கேட்பார். இவள் சாப்டேன், ஜாஸ்தி இல்ல என்பாள். போனை வைத்துவிட்டு மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பாள். நானும் நடப்பேன். எங்கள் வீட்டு ரத்தத்திலேயே இந்த நடை உண்டு.

ஒரு நாள் நடுவில் நின்று சொன்னாள்: "அந்தப் பெட்டி அங்க போவலன்னா, நான் போயும் போவாத மாதிரிதாண்ணா."

சொல்லிவிடேன் என்றேன். போனில் சொன்னால் சிரித்துவிடுவார், சிரித்தால் அப்புறம் சொல்லவே வராது என்றாள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்வது என்று முடிவுகட்டி, வரவேற்பு மேடைக்குக் கலங்கரை விளக்கம் கட்டத் தொடங்கினாள். அம்மா சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். கடலூர்ப் பெண், கடற்கரை, கலங்கரை விளக்கம், பொருத்தம்தானே. ஜன்னலில் தெர்மாகோல் கிழவரும் பூனையும் நிற்கப்போவது அவளுக்குத் தெரியாது.

உதவிக்குப் பண்ருட்டியிலிருந்து ஒருவன் வந்தான். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். காமிக்ஸின் வாசகர் கடிதப் பக்கத்தில் அவன் கடிதமும் தங்கையின் கடிதமும் அருகருகே வந்ததில் தொடங்கிய பழக்கம். அவளைத் தங்கச்சி என்பான், என்னை அண்ணே என்பான். முந்திரியும் பலாவும் புயலில் சாய்ந்து கிடந்த வருடம், லாரிக்கு லோடு இல்லை, அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. முதல் கோபுரத்துக்கு அவன்தான் பெயிண்ட் அடித்தான், லாரிக்கு அடித்து மிஞ்சிய எனாமல். காலையில் போய்ப் பார்த்தால் கோபுரம் அம்மை வார்த்த மாதிரி குழிகுழியாகக் கரைந்து குனிந்து நின்றது. எனாமல் தெர்மாகோலைத் தின்னும் என்று கெமிஸ்ட்ரி படித்த தங்கையும் அவனைத் தடுக்கவில்லை. "லாரி கரையலியே" என்றான் அவன். இரண்டாவது கோபுரத்துக்குப் போஸ்டர் கலர்.

மேடையைச் சுற்றிக் காகித அலைகள். காமிக்ஸ் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வெட்டியவை. புத்தகத்தை மெஷினில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும் என்று தங்கை விடவில்லை. பாதி திறந்தபடி அவளே பிடித்துக்கொண்டாள், கடைக்காரர் முறைத்துக்கொண்டே எடுத்தார். அதனால் எல்லாப் பக்கமும் ஓரம் கறுத்து வந்தது. வெட்டி மடித்தபோது அந்தக் கறுப்பு அலைக்கு நிழல் மாதிரி அமைந்துவிட்டது. உச்சியில் லாரி இண்டிகேட்டர் பல்பு, அதைச் சுற்றவைக்கப் பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார், கீழே லாரி பேட்டரி. அந்த வருடம் கரண்டை நம்பி யாரும் கல்யாணம் வைக்கவில்லை.

வரவேற்பன்று சாயங்காலம் வேன் சிப்காட்டைத் தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேர்கிறவரை, துண்டு துண்டாகக் கழற்றிய கோபுரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் பூட்டி நிறுத்தியதும் குழந்தைகள் சூழ்ந்தன. மாப்பிள்ளையின் அத்தை வந்தார், மஞ்சள் பூசிய முகம், நிதானமான கண். ஜன்னலில் நின்ற கிழவரைப் பார்த்து, "யாரு இந்தப் பெரியவரு? பொண்ணோட தாத்தாவா?" என்றார். பண்ருட்டிக்காரன் பணிவாக, வேண்டப்பட்டவர் என்றான். அத்தை தலையசைத்துவிட்டுப் போனார்.

தங்கையும் அவனும் சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். ஜோடி மேடையில் வந்து நின்றதும் விளக்கை அணைப்பது. கடைசிக் கட்டம். இதைவிடப் பெரிய வாழ்த்து எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. கல்யாண வீடு அதை எந்தக் கண்ணால் பார்க்கும் என்று மூன்று தலையில் ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை.

தங்கை மேடையேறினாள். மாலை மாற்றிக்கொண்டார்கள். சுற்றிக்கொண்டிருந்த வெளிச்சம் பட்டென்று நின்றது.

கரண்டு போய்விட்டது என்று முதலில் எல்லாரும் மேலே பார்த்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. போனது அது ஒன்று மட்டும்தான், அதுவும் யாரோ கையால் என்று கூட்டத்துக்குப் புரிந்தபோது நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். அத்தை முன்வரிசையிலிருந்து எழுந்தார். கோபத்திலும் அவர் வாய் அணைத்தது என்ற அமங்கலச் சொல்லை உச்சரிக்கவில்லை.

"பொண்ணு மேடையேறுன நேரத்துல வெளக்க நிறுத்துனது யாரு?"

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேடைக்குப் பின்னால் போனேன், பண்ருட்டிக்காரன் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். திரும்பி முன்னால் வந்தேன். அம்மா என் கையைக் கிள்ளி, ஃபியூஸ் போய்விட்டதென்று சொல்லச் சொன்னாள். வாயைத் திறந்தேன். அதற்குள் மேடைமேலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

பிறகு அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். பாறை, கிழவர், பூனை, அலை ஒதுக்கும் சாமான்கள், விடிந்ததும் நீளும் கை. படபடவென்று, மூச்சுவிடாமல். போனில் மாதக்கணக்காகச் சொல்லாதது எல்லாம் மாலை கழுத்தில் குத்தக் குத்த வந்து விழுந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியையும் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனேன், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்தேன். அவர் சிரித்துவிட்டால் என்ன செய்வது. அது ஒன்றுதான் எனக்கு. மற்றவர்கள் என்ன பேசினாலும் பேசட்டும், அவர் மட்டும் சிரித்துவிடக் கூடாது.

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். மின்வாரியக்காரர்கள் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார்களே, அந்த மாதிரிக் கோபுரத்தைப் பார்த்தார்.

"அந்தாளு விடிஞ்சப்புறந்தானே நிறுத்துவாரு?"

"ஆமா."

"இப்ப ராத்திரிதானே. கப்பலெல்லாம் இன்னும் கடல்லதானே இருக்கும். போடச் சொல்லு."

தங்கை அவரையே பார்த்தாள். இத்தனை வருடம் படித்த எங்களுக்கு அது தோன்றவில்லை. பண்ருட்டிக்காரன் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, அவுரு சொல்றது கரெக்டு" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ஒயரைச் சேர்த்தான். வெளிச்சம் மறுபடி சுற்றத் தொடங்கியது. நாதஸ்வரம் எழுந்தது. அத்தை மட்டும் உட்காரவில்லை, அந்தக் கிழவரையே பார்த்தபடி நின்றார்.

பந்தி நடக்கும்போது உண்மையாகவே கரண்டு போனது. ஜெனரேட்டர்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் அந்த லாரி பல்பு ஒன்றுதான், சுவர்மேல், இலைமேல், முகங்கள்மேல் போய்ப் போய் வந்தது. ஓரம் கறுத்த காகித அலைகள் அசைவது போலிருந்தன. அத்தை ஆரத்தித் தட்டோடு கோபுரத்தடிக்கு வந்து அமர்ந்து, வெளிச்சம் தன் பக்கம் வரும்போதெல்லாம் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தார். அது போனதும் கையை நிறுத்திக் காத்திருந்தார்.

முகூர்த்தம் விடியற்காலை. தாலி கட்டி முடிந்து, மேலே ஜன்னல்கள் வெளுத்து, அட்சதை எல்லாம் தரையில் கிடந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பண்ருட்டிக்காரன் தான் தொடவே இல்லை என்றான், பேட்டரி தீர்ந்திருக்கும் என்றான். நான் அத்தையைப் பார்த்தேன்.

"அதுவா குளுந்துடுச்சு" என்றார் அவர்.

மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பினோம். கோபுரத்தைக் குழந்தைகள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். கிழவர் எங்கே போனார் என்று தெரியவில்லை, பூனை மட்டும் தங்கையின் கையில் இருந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. அம்மா வேனில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏறவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேனைச் சுற்றி வந்தேன். கடைசியில், எதையாவது சொல்ல வேண்டுமே என்று, அந்தப் பெட்டியை இரண்டு நாளில் பஸ்ஸில் போட்டு அனுப்பிவைக்கிறேன் என்றேன். தங்கை பூனையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "பஸ்ல போடாதீங்க மச்சான். மழை புடிச்சா நனஞ்சிடும். மறுவூட்டுக்கு வர்றப்ப நானே தூக்கியாந்துடறேன்."

வேன் நகர்ந்தது. தங்கை கூடவே நாலடி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"போனதும் பெட்டிய கட்டிலுக்கடியிலேருந்து எடுத்து கூடத்துல வச்சிடுண்ணா."